வோல்க்மாருக்குக் குளிர்ந்த நாள்

எங்கள் ஊரில் புத்தாண்டு அன்று வோல்க்மாரைத் தெருவில் பார்த்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஓடிவந்து அவன் கறுப்புக் கோட்டின் பித்தளைப் பொத்தானைத் தொட்டுக்கொள்வார்கள். புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் எதிரே வந்தால் அந்த வருஷம் நல்லபடியாகப் போகும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வோல்க்மார் சிரிக்கவும் மாட்டான், விலகவும் மாட்டான். கறவை மாடு மாதிரி அசையாமல் நின்று கொடுப்பான். எல்லாரும் தொட்டு முடித்ததும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கூரைக்குப் போவான்.

சாக்ஸனி மலைநாட்டில் கோடை என்பது விருந்தாளி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே ஊரின் கதகதப்பு முழுவதும் வோல்க்மாரின் கையில்தான் இருக்கிறது. யார் வீட்டில் ஈர விறகு, யார் பழைய அலமாரியை உடைத்து எரிக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை நடந்து இரண்டு அறையில் தனித்தனியாக அடுப்பு எரிகிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊருக்கெல்லாம் சூடு பார்க்கிற அந்த மனுஷன் தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

என் பெயர் ஹெல்மா. டிராக்டர் பழுது பார்க்கிறேன். கையில் எண்ணெய்க் கறை இருக்கும், வாயில் கொஞ்சம் காரம் இருக்கும். வோல்க்மாரும் நானும் ரொட்டிக்கடை லோதாரும் ஒரே வகுப்பு. ஒரே மாதிரி மோட்டார் சைக்கிள் பைத்தியம். நாட்டை இரண்டாகப் பிரித்திருந்த மதில் விழுந்து எல்லை திறந்தபோது ஊரே வெயிலைத் தேடி இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஓடியது. நாங்கள் மூவரும் பிப்ரவரி மாதத்தில் நார்வேக்கு வண்டியைக் கிளப்பினோம். அங்கே மலைமேல் உறைந்த ஏரிக்கரையில், ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்களைப் போன்ற கழண்ட கேஸ்கள் பனியில் கூடாரம் அடித்து மூன்று நாள் கூடுவார்கள். வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறவனுக்கு அங்கே ஒரு டம்ளர் காப்பி கிடைக்காது. ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

அந்த முதல் வருஷம் டென்மார்க் பாலத்தின்மேல் லோதார் அழுதுவிட்டான். "குளிருது, குளிருது" என்று நார்வே போய்ச் சேருகிற வரைக்கும் ஒரே பாட்டு. எங்கள் காது புளித்துவிட்டது. ஊர் திரும்பியதும் நான் கம்பளி வாங்கி ஒரு குல்லா பின்னினேன். ஆமாம், நான் கிளட்சும் மாற்றுவேன், குல்லாவும் பின்னுவேன். கைக்குழந்தைக்குப் போடுவார்களே, காதை மூடித் தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற குல்லா, அதுதான். ஆனால் ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டுகிற அளவு. ரோஸ் நிறம். உச்சியில் ஒரு பஞ்சுப் பந்து.

பயணத்தில் யார் முதலில் "எனக்குக் குளிருது" என்று வாயைத் திறந்து சொல்கிறார்களோ, அவர்கள் வீடு திரும்பும் வரை அந்தக் குல்லாவைக் கழற்றக் கூடாது. ஓட்டும்போது ஹெல்மெட்டின் மேல், இறங்கினால் தலையில், தூங்கும்போதும் தலையில். இதுதான் சட்டம். குல்லா லோதாரின் பெட்டியில் இருக்கும், தீர்ப்பும் அவனுடையது. முதலில் அழுதவனையே நீதிபதியாக்கினால் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தோம். அதற்குப் பிறகும் நாலைந்து முறை அவன்தான் மாட்டிக்கொண்டான். ஒரு முறை மனைவியோடு தொலைபேசியில் பேசும்போது உளறினான். ஒரு முறை தூக்கத்தில். நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன். ஒரு ஸ்வீடன் பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்கள் எல்லாரும் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் வந்ததும் எங்களுக்கு வேறு பாஷை வந்துவிட்டது. "இன்ஜினுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாமா?" என்றால் விரல் விறைத்துவிட்டது என்று அர்த்தம். "இந்தக் கடையில காப்பி நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன்" என்றால் காலும் போய்விட்டது. "காட்சி அழகா இருக்கு, நிறுத்துங்க" என்று லோதார் சொன்னால் ஓடிப்போய் அவனைப் பிடிக்க வேண்டும், வண்டியிலிருந்து சரிந்துவிடுவான்.

வோல்க்மார் மட்டும் அந்தப் பாஷையைக்கூடப் பேசியதில்லை. கைப்பிடியைச் சூடாக்கும் கம்பி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "கை என்ன கிழங்கா, வேக வைக்க?" என்றான். ஒரு வருஷம் அவன் இடது காதின் நுனி கறுத்து உதிர்ந்தே போனது. டாக்டர் திட்டினார். "வாங்கின எடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான், அவ்வளவுதான். முப்பது வருஷம் நெருங்கியும் குல்லா அவன் தலையைப் பார்த்ததில்லை. ஏரிக்கரைக் கூட்டத்தில் பின்லாந்துக்காரர்கள்கூட அவனைக் காட்டி, "இவருதான் அந்த ஆளு" என்று புதியவர்களிடம் கிசுகிசுப்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் ஹைட்ருன் வந்து வாய்த்தாள்.

ஹைட்ருன் எங்கள் ஊர் உள்ளரங்கு நீச்சல் குளத்தில் காவல் பார்க்கிறவள். கழுத்தில் விசில், காலில் ரப்பர்ச் செருப்பு, வருஷம் முழுவதும் அரைக்கை பனியன். வெந்நீர் ஆவியிலேயே முப்பது வருஷம் வாழ்ந்தவள். குளத்தின் ஒரு ஓரத்தில் விசில் ஊதினால் மறு ஓரத்தில் தாவப் போன பையன் காற்றிலேயே நின்றுவிடுவான் என்பார்கள். நினைத்ததை நினைத்த நிமிஷத்தில் சொல்லிவிடுகிற வாய். கணவனை விவாகரத்து செய்தபோதும் அப்படித்தான், சாப்பாட்டு மேஜையில், சூப்புக்கும் கறிக்கும் நடுவே. நீச்சல் குளத்துப் புகைபோக்கியைப் பார்க்க வந்த வோல்க்மாருக்கு அவள் காப்பி கொடுத்தாள். பிறகு அந்தப் புகைபோக்கி மாதம் ஒரு முறை அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஜனவரி நாள் அவள் என் பட்டறைக்கு வந்து ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள்.

"ஹெல்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தாளுக்கு வலிக்குமா?"

"எந்தாளுக்கு?"

"வோல்க்மாருக்குத்தான். கத்தியால கீறினா ரத்தம் வருமா, இல்ல கரிதான் கொட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காத. பல்லு வலி வந்து கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு. என்னாச்சுன்னா, ஒண்ணுமில்லங்கறான். அவங்க அம்மா செத்த அன்னிக்கு மத்தியானமே மூணு வீட்டுக்கு வேலைக்குப் போனான். சாயங்காலம் கைய புடிச்சுக் கேக்கறேன், எப்படிடா இருக்கன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'பரவால்ல, புகை நல்லா போகுது'ன்னான். புகை நல்லா போகுதாம்! நான் என்ன அடுப்பையா கேட்டேன்?"

அவளுடைய தங்கை போர்ச்சுகலின் தென்கரையில் விடுதி நடத்துகிறாள். துணைக்கு வா, இங்கேயே இருந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த விஷயம் ஊருக்கே தெரியும், வோல்க்மாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாததை ஹைட்ருன் அன்று என்னிடம் சொன்னாள்.

"இந்தத் தடவை நானும் உங்களோட வர்றேன். தனக்கு என்ன பண்ணுதுன்னு ஒரே ஒரு வார்த்தை, அவனா வாயத் தொறந்து எங்கிட்ட சொல்லட்டும். சொன்னா இங்கயே இருந்துடறேன். இல்லேன்னா ஏப்ரல்ல நான் கெளம்பறேன். செவுத்தோட குடும்பம் நடத்த என்னால முடியாது. நீ இத அவங்கிட்ட சொல்லக் கூடாது. சொல்லிக் குடுத்து வர்ற வார்த்தை எனக்கு வேணாம்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்த பிறகுதான் எங்கள் சட்டம் ஞாபகம் வந்தது. அந்தப் பயணத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் தலைக்குக் குல்லா வந்துவிடுமே! முப்பது வருஷமாக அவன் காதைக் கொடுத்துக் காப்பாற்றிய மௌனம் அது.

ஹைட்ருனும் வருகிறாள் என்றதும் வோல்க்மார் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டான். ஆவியிலேயே வாழ்ந்தவள், வெயிலுக்கு ஆசைப்படுகிறாள், இந்தப் பயணத்தில் ஒரு தரம் நடுங்கினாலும் போர்ச்சுகலுக்குப் பெட்டி கட்டிவிடுவாள். ஆகவே அவள் நடுங்கவே கூடாது. எங்கள் மூவர் மோட்டார் சைக்கிளுக்கும் பக்கத்தில் ஒற்றை ஆள் உட்காரும் சைடுகார் உண்டு. நாங்கள் அதைத் தொட்டி என்போம். தன் தொட்டியை அவன் மூன்று வாரம் செதுக்கினான். சுற்றிலும் ஆட்டுத்தோல். மேலே கண்ணாடிபோல் மூடி. காலுக்கடியில் அடுப்பில் சுட்டு வைக்கும் மாக்கல் பலகை. இன்ஜினின் சூட்டைக் குழாய் போட்டு உள்ளே இழுத்துவிட்டான். போதாததற்கு ரப்பர் வெந்நீர்ப் பைகள், எங்கே நின்றாலும் அவனே ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வருவான். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். லோதாரின் ரொட்டி அடுப்பு தோற்றது.

"எப்படி இருக்கு?" என்றான்.

"நாலு முட்டைய வெச்சா ஊர் போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சுடும்" என்றேன்.

கிளம்பினோம். நான் முன்னால், என் தொட்டியில் கூடாரமும் அடுப்பும். நடுவில் வோல்க்மாரும் ஹைட்ருனும். கடைசியில் லோதார், அவன் தொட்டி நிறையக் கிறிஸ்துமஸுக்கு விற்காமல் போன ஷ்டோலன் என்ற பழ ரொட்டி. ரோஸ்டாக்கில் கப்பல் ஏறி ஸ்வீடனில் இறங்கினோம். பனியில் வழுக்காத, ஆணி பதித்த டயரை எங்கள் நாட்டுச் சாலையில் ஓட்டக் கூடாது, ஆகவே துறைமுகத்து மைதானத்தில் வைத்து எல்லா டயரையும் மாற்றினேன். ஹைட்ருன் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி ஓரக்கண்ணால் வோல்க்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மீசையில் பனி தொங்கியது.

"வோல்க்மார், எப்படி இருக்க?"

"ஒண்ணுமில்ல. உனக்கு வெந்நீர் மாத்தட்டுமா?"

பாவி மகனே என்று என் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்வீடன் முழுவதும் இதே கதை. காட்டுக்கு நடுவே சாலை, இரண்டு பக்கமும் பனிச்சுவர், பகல் என்று பெயருக்கு ஒரு வெளிச்சம். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் லோதார் இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஹைட்ருன் கேட்டாள், எப்படி இருக்க. ஒவ்வொரு தடவையும் அவன், ஒண்ணுமில்ல. கேள்வி வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தது. நார்வே எல்லையில் அவள் வெறுமனே புருவத்தை மட்டும் தூக்கினாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அன்று சாயங்காலம் அவள் விடுதி வராந்தாவில் நின்று தங்கையோடு நெடுநேரம் பேசினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொதுவாக எனக்கு எதற்கும் சோறு இறங்காமல் போகாது.

மறுநாள்தான் மலை ஏற வேண்டும். அந்தப் பக்கத்து மலைப்பாதையில் காற்று கிளம்பினால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். பனி தள்ளும் வண்டி மறுபுறத்திலிருந்து வந்து சேர வேண்டும். பிறகு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லா வண்டிகளும் வரிசையாகப் போக வேண்டும். நாங்கள் போனபோது கட்டை இறங்கியிருந்தது. எங்களுக்கு முன்னாலேயே ஏரிக்கரைக் கூட்டத்துக்குப் போகிற பதினைந்து இருபது மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பின்லாந்து, ஹாலந்து, எஸ்தோனியா. காற்று அடித்த அடியில் கொடிக்கம்பம் விசிலடித்தது.

தடுப்புக்குப் பக்கத்தில் காத்திருப்பவர்களுக்காக ஒரு மரக்குடில் உண்டு. உள்ளே அடுப்பு எரியும், பெஞ்சு கிடக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். காரில் வந்த நார்வேக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வாஃபிளும் பழுப்புச் சீஸும் தின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒரு ஆள்கூட உள்ளே போகவில்லை. போனால் என்ன அர்த்தம்? ஆளாளுக்குத் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஹாலந்துக்காரன் ஏற்கெனவே இறுக்கியிருந்த ஆணியை ஒரு மணி நேரமாக இறுக்கினான். லோதார் பனியின்மேல் போல்கா நடனம் ஆடினான். "பழகிக்கறேன், மகளுக்குக் கல்யாணம் வருது" என்றான். அவனுக்கு மகளே கிடையாது.

வோல்க்மார் மட்டும் ஆடாமல் அசையாமல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடியின் உட்புறம் ஆவி படிந்து மங்கலாக இருந்தது. அந்த மங்கலுக்குள் ஹைட்ருனின் உருவம் உதறியது. தோள் உதறியது, தலை உதறியது, இரண்டு கையும் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுத்தன. முகம் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது. நான் பார்த்தேன், எனக்கும் பகீரென்றது.

வோல்க்மாரின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. வற்றுவதற்கு எவ்வளவு மிச்சம் இருந்ததோ தெரியாது. அவன் நேராக லோதாரிடம் நடந்தான். நடை மரக்கால் மாதிரி இருந்தது.

"லோதார். குளிருது."

போல்கா நின்றது. ஹாலந்துக்காரனின் ஸ்பானர் நின்றது. காற்றுகூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

"என்னடா சொன்ன?" லோதாரின் குரல் கீச்சென்றது.

"ஹைட்ருனுக்குக் குளிருது. உதறுது பாரு. திரும்பிடலாம். ஏரி வேணாம், ஒண்ணும் வேணாம். கீழ எறங்கிடலாம்."

லோதார் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுத் தன் பெட்டியை நோக்கி ஓடினான். முப்பது வருஷ ஆசை. குல்லாவை எடுத்துப் பஞ்சுப் பந்தைத் தடவிக்கொடுத்தான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, வழக்கும் கிளம்பிவிட்டது.

"பொறு பொறு. அவர் தனக்குக் குளிருதுன்னு சொல்லலையே. அந்த அம்மாவுக்குன்னுதானே சொன்னார்?" என்றான் ஒரு பின்லாந்துக்காரன்.

"சொன்ன வாய் யாரோட வாய்? அவன் வாய்தானே?" என்றான் லோதார்.

"அப்போ என் பொண்டாட்டிக்குத் தலைவலின்னு நான் சொன்னா, மாத்திரைய நானா முழுங்கணும்?" என்றான் ஹாலந்துக்காரன்.

"யோவ், உங்க பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கங்க. அவள முதல்ல பாருங்க!" என்று நான் கத்திக்கொண்டே தொட்டியின் மூடியைத் தூக்கினேன்.

குப்பென்று வெந்நீர் ஆவி என் முகத்தில் அடித்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. உள்ளே ஹைட்ருன், ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டு, நீச்சல் குளத்து அரைக்கை பனியனோடு, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"உடற்பயிற்சி! செவ்வாக்கெழமை வயசானவங்களுக்குத் தண்ணிக்குள்ள சொல்லித் தருவேன்ல, அது. காலு மரத்துப் போச்சு, எவ்வளவு நேரம்தான் இதுக்குள்ள மடிச்சு வெச்ச மாதிரி உக்காருறது? மூடாத மூடாத, தொறந்தே வை. வெந்து போயிட்டேன். மூணு நாளா வேகறேன். பாவம் ஆசை ஆசையா பண்ணியிருக்கானேன்னு வாயத் தொறக்கல."

கூட்டம் சிரித்த சிரிப்பில் குடிலுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லோதார் குல்லாவைப் பிசைந்தபடி நின்றான். ஒரு நிமிஷம் அவன் மனசு படாத பாடு பட்டிருக்கும். ஆனால் ரொட்டிக்கடைக்காரன் எடையில் ஏமாற்ற மாட்டான், தீர்ப்பிலும் அப்படித்தான்.

"அவளுக்குக் குளிரல. அப்போ இவன் சொன்னது பொய்யாயிடுச்சு. பொய்யாப் போன வார்த்தைக்குக் குல்லா கெடையாது" என்று பெருமூச்சு விட்டான். "தப்பிச்சடா வோல்க்மார். உன் முப்பது வருஷம் அப்படியே இருக்கு. போ."

பின்லாந்துக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவன் வோல்க்மாரின் முதுகில் தட்டினான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவனுக்குத் தெரியாத கலையா அது?

ஹைட்ருன் சிரிக்கவில்லை. தொட்டியில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தாடி முழுவதும் வெள்ளைக் கட்டி. கண் இமையில் பனி. இரண்டு கையும் இன்னும் கைப்பிடியைப் பிடித்திருக்கிற மாதிரியே வளைந்து விறைத்து நின்றன. அவனுக்கே அது தெரியவில்லை. அவள் எதுவும் கேட்கவில்லை, புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தவளின் முகம் அது. அவள் கை ஜாக்கெட்டைத் தேடிக் குனிந்தது. எனக்குப் போர்ச்சுகல் தெரிந்தது. கடல், வெயில், தங்கையின் விடுதி எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. பேசுடா மடையா என்று மனசுக்குள் அலறினேன்.

"எனக்குத்தான் குளிருது" என்றான் வோல்க்மார்.

குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"வோல்க்மார், வழக்கு முடிஞ்சிடுச்சுடா. நீ ஜெயிச்சிட்ட" என்றான் லோதார்.

"ஜெயிக்கல. குளிருது. கை ரெண்டும் எங்க இருக்குன்னே தெரியல. முட்டியில ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. நேத்தும் குளிர்ந்துச்சு. போன வருஷமும் குளிர்ந்துச்சு. அந்த மொதல் தடவ, டென்மார்க் பாலத்து மேல நீ அழுதியே, அன்னிக்கு உன்ன விட எனக்குத்தான்டா அதிகமாக் குளிர்ந்துச்சு. நீ அழுததும், சரி, ஒருத்தன் அழுதா போதும்னு நான் சும்மா இருந்துட்டேன். அதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

இத்தனை வாக்கியங்களை அவன் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான், திகைத்துப்போய் நின்றான்.

ஹைட்ருன் விசிலை எடுத்து வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு பனியனோடே தொட்டியிலிருந்து குதித்து, லோதாரின் கையிலிருந்த குல்லாவைப் பிடுங்கி, வோல்க்மாரின் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே பனிக்கட்டித் தாடியோடு சேர்த்து நாடாவை முடிச்சுப் போட்டாள். வெந்நீர்ப் பையை எடுத்து அவனுடைய வளைந்த கைகளுக்கு நடுவே செருகினாள்.

"உள்ள போலாம் வா" என்று குடிலைக் காட்டினாள்.

வோல்க்மார் கூரையை அண்ணாந்து பார்த்தான். "நல்ல புகை. காஞ்ச பிர்ச் விறகு" என்றான். "போலாம்."

அவன் போகிறான், துணைக்கு ஆள் வேண்டாமா என்றான் ஹாலந்துக்காரன். ஆமாமாம், தனியாக விடக் கூடாது என்றான் பின்லாந்துக்காரன். வோல்க்மாருக்குத் துணையாக இருபது பேர் அந்தக் குடிலுக்குள் ஓடினோம். கதவில் நெரிசல். லோதார் என் காலை மிதித்துவிட்டு முந்தினான். கார்க்காரர்கள் பாதி வாஃபிளோடு எழுந்து இடம் விட்டார்கள்.

உள்ளே அடுப்போரம் உட்கார்ந்து கை உயிர் பெறும்போது வோல்க்மார் முனகினான். உண்மையாகவே, வெளியே கேட்கும்படி முனகினான். ஹைட்ருன் அவன் விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்: "அம்மா போன அன்னிக்கு, மூணாவது வீட்டுக் கூரையில ஏறினேன்ல? எறங்க முடியல ஹைட்ருன். காலு வரல. புகைபோக்கியக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்துட்டேன். அது சூடா இருந்துச்சு." ரோஸ் குல்லாவின் பஞ்சுப் பந்து ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. அடுப்புப் புகை கண்ணில் பட்டது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. நான் அழுதேன்.

பனி வண்டி ஓட்டி வந்த பெண் கதவைத் திறந்து, வரிசையில் ஆளே இல்லாத மோட்டார் சைக்கிள்களையும் அடுப்போரம் அடைந்து கிடக்கிற எங்களையும் பார்த்தாள். "பத்து வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன். நீங்கல்லாம் உள்ள வந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

ஏரிக்கரையில் மூன்று நாளும் வோல்க்மார் குல்லாவோடுதான் திரிந்தான். எஸ்தோனியாவிலிருந்து வந்தவர்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை. அணை உடைந்தால் தண்ணீர் அளவாகவா வரும்? எல்லையில் அவனுக்கு இடுப்பு வலித்தது. ஸ்வீடனில் காப்பி கசந்தது. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் முட்டி, கட்டைவிரல், வயிறு. போன மாசத்துப் பல் வலியைக்கூட விடவில்லை, அது எப்படி எப்படி வலித்தது என்று விளக்கினான். கப்பலில் லோதார் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஹைட்ருன், வாய மூடறதுக்கு ஏதாவது சட்டம் போடலாமா?"

"போட்டுப் பாரு, உன்னக் குளத்துல தள்ளிடுவேன்" என்றாள் அவள். தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ராணி மாதிரி வந்தாள்.

ஏப்ரலில் அவள் போர்ச்சுகல் போகத்தான் செய்தாள், பத்து நாள் விடுமுறைக்கு, வோல்க்மாரையும் இழுத்துக்கொண்டு. வெயில் தாங்கவில்லை என்று விமானத்திலிருந்து இறங்கின கையோடு சொன்னானாம். இப்போது இருவரும் ஒரே வீடு. அடுப்பும் ஒன்றுதான் எரிகிறது.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி கிளம்பினோம். அன்று பனிகூட இல்லை, தூறல்தான். ஊர்ப் பெயர்ப் பலகைக்குப் பத்தடி இந்தப் பக்கம் வோல்க்மார் கையைத் தூக்கி வண்டியை ஓரம் கட்டினான். வண்டியில் கோளாறு என்று நினைத்து நான் ஸ்பானரோடு ஓடினேன்.

"எனக்குக் குளிருது" என்றான், ரொம்பத் தெளிவாக.

"டேய், ஊர்ப் பலகையே தாண்டலையே!" என்றான் லோதார்.

"அது உன் பிரச்சனை. சட்டம் சட்டம்தான். குடு குல்லாவ."

"என்னடா அவசரம்?"

வோல்க்மார் குல்லாவை வாங்கி, காது நுனி இல்லாத இடது பக்கத்தை முதலில் இழுத்துவிட்டு, நாடாவைத் தானே கட்டிக்கொண்டான். தொட்டியிலிருந்து ஹைட்ருன் விசில் ஊதினாள்.

"போட்டுப் பாத்தவனுக்குத்தான்டா தெரியும்" என்றான். "இது எவ்வளவு கதகதப்பா இருக்கு தெரியுமா?"

லோதார் என்னைப் பார்த்தான், நான் லோதாரைப் பார்த்தேன். போட்டுப் பார்த்தவர்கள்தானே நாங்கள் இருவரும். அவமானத்தில் எங்களுக்கு அது தெரியவே இல்லை. இரட்டைக் கம்பளியில் பின்னியவளே நான்தான்.

"எனக்கும் குளிருதுடா" என்றான் லோதார், அழமாட்டாத குறையாக.

"ரெண்டாவதா சொன்னவனுக்குக் குல்லா கெடையாது" என்று சொல்லிவிட்டு வோல்க்மார் வண்டியைக் கிளப்பினான்.